கீமோ ஊசிக்கு முன் ஒரு ஃபிளாஸ்க் ஐஸ்: அம்மாவின் வாயையும் வயிற்றையும் காத்த விதம்

அம்மாவுக்கு 71 வயது. பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்ததும் ஃப்ளூரோயூராசில் என்ற கீமோ மருந்தை ஆரம்பித்தார்கள். நான்கு வாரத்துக்கு ஒரு சுற்று. சுற்றுக்குத் தொடர்ந்து ஐந்து நாள், தினமும் ஒரு ஊசி. முடி கொட்டுமா, வாந்தி வருமா என்று கேட்டோமே தவிர வாயைப் பற்றி நாங்களும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. எட்டாம் நாள் காலை இட்லியை வாயில் வைத்தவர் அப்படியே துப்பிவிட்டார். "வாயெல்லாம் வெந்து கிடக்கு பாப்பா." பத்தாம் நாள் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "உடம்புச் சூடு" என்றார்கள். சூடு இல்லை. வாயிலிருந்து ஆசனவாய் வரை உள்தோல் சில நாளுக்கொரு முறை புதிதாக வளர்ந்துகொண்டே இருக்கும். வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குவதுதான் கீமோவின் வேலை. புற்றுக்கும் இந்தத் தோலுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. பழைய தோல் உதிரும், புதியது வராது. அதுதான் புண், அதுதான் பேதி. பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரத்தில் ஆறிவிடும். ஆனால் புண் வந்த பிறகு அலைவதைவிட ஊசி போடும் நாளிலேயே தொடங்குவதுதான் சரி. எங்களுக்கு அது இரண்டாம் சுற்றில்தான் தெரிந்தது.

இந்த மருந்தை ஒரே ஊசியாகச் சில நிமிடத்தில் ஏற்றினால் ஐஸ் உதவும். குளிரில் வாயின் ரத்தக் குழாய்கள் சுருங்கும், அந்த நேரத்தில் மருந்து அங்கே குறைவாகப் போகும். மருந்தும் ரத்தத்தில் அதிக நேரம் தங்காது. ஆகவே ஊசிக்கு 5 நிமிடம் முன்பே தொடங்கி மொத்தம் அரை மணி நேரம் வாயில் ஐஸ் இருக்க வேண்டும். கொதித்து ஆறிய தண்ணீரை முதல் நாள் இரவே டிரேயில் ஊற்றி வைப்பேன். காலையில் துணியில் சுற்றி அம்மிக் குழவியால் தட்டி, கூர் முனை மழுங்க ஒரு அலசு அலசி, ஃபிளாஸ்க்கில் போட்டுக்கொண்டு திருமங்கலத்தில் பஸ் ஏறுவோம். "சளி பிடிச்சிரும்" என்று அம்மா முதல் நாள் மறுத்தார். சளி பிடிக்கவில்லை. கன்னம், நாக்கின் அடி என எல்லாப் பக்கமும் உருட்டச் சொல்ல வேண்டும். பல் கூசினால் சில நொடி விடலாம்.

எல்லாருக்கும் இது பொருந்தாது. கூடவே ஆக்சாலிபிளாட்டின் என்ற இன்னொரு கீமோ மருந்தும் ஏற்றுகிறவர்களுக்குக் குளிர் பட்டாலே தொண்டை இறுகலாம். அவர்கள் ஐஸைத் தொடவே கூடாது. பம்ப் வைத்து இரண்டு நாள் சொட்டுச் சொட்டாக ஏற்றினாலோ, மாத்திரையாகச் சாப்பிட்டாலோ அரை மணி நேர ஐஸால் பயனில்லை. உங்கள் மருந்தின் பெயரைச் சொல்லி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்றபடி தினசரி வேலை: ஒரு லிட்டர் ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா. சாப்பிட்ட பின்னும் படுக்கும் முன்னும், நடுவில் மூன்று மணிக்கொரு தரமும் கொப்பளித்துத் துப்ப வேண்டும். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். கடையில் விற்கும் காரமான மவுத்வாஷ் பலவற்றில் ஆல்கஹால் இருக்கும், வேண்டாம். குழந்தைகளுக்கான மெல்லிய பிரஷ் போதும். அம்மா பல் செட்டைச் சாப்பாட்டுக்கு மட்டும் மாட்டினார். வெற்றிலை பாக்கை விட வைத்ததுதான் பெரும்பாடு. சுண்ணாம்பு பட்டால் இருக்கிற தோலும் போய்விடும் என்று கண்ணாடியில் காட்டிய பிறகே விட்டார்.

பக்கத்து வீட்டு அக்கா மணத்தக்காளிக் கீரை கொண்டுவந்தார். மிளகாய் இல்லாமல் குழைய வேகவைத்தால் நல்ல சாப்பாடு, கொடுத்தோம், மருந்தாக நம்பவில்லை. ஆனால் வாய்ப்புண்ணுக்கு வழக்கமாக வாங்கும் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை விஷயத்தில் கவனம் தேவை. பலவற்றில் ஃபோலிக் அமிலம் இருக்கும். அது ஃப்ளூரோயூராசிலின் தாக்கத்தை இன்னும் கூட்டும். முதல் சுற்றில் நானே வாங்கிக் கொடுத்திருந்தேன். டாக்டர் உடனே நிறுத்தச் சொன்னார்.

வலி அதிகமானால் பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். மரத்துப்போகச் செய்யும் ஜெல் எழுதித் தருவார்கள். சாப்பாட்டுக்குச் சற்று முன் தடவலாம். வாய் மரத்திருக்கும்போது சூடு தெரியாது, புரையேறும். ஆறிய கஞ்சி, ராகிக் கூழ், மசித்த வாழைப்பழம் என்று மெதுவாகக் கொடுங்கள். வெள்ளைத் திட்டு படிந்தால் பூஞ்சையாக இருக்கலாம். அதற்கு மருந்தே வேறு.

வயிற்றுக்கு ஒரு நோட்டுப் போட்டேன். எத்தனை தரம், எப்போது, சிறுநீர் போனதா, எடை எவ்வளவு. வழக்கத்தைவிட நான்கு தரம் கூடினாலோ, ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பினாலோ, எழுந்தால் தலை சுற்றினாலோ அன்றே போன் செய்ய வேண்டும். பேதியை நிறுத்தும் லோபரமைடு மாத்திரையை எப்போது, எத்தனை என்று முன்கூட்டியே சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்; காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் அதைக் கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். ஓஆர்எஸ் பொட்டலத்தை, அதில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும், பாதி பாதியாக அல்ல. பால், காபியை நிறுத்தினோம். உரிந்த குடலுக்குப் பால் செரிக்காது. ஒவ்வொரு தரமும் வெதுவெதுப்பான நீரில் கழுவி, பழைய பருத்திச் சேலைத் துணியால் ஒற்றி, வாசலின் தடவினோம். இதைக் கேட்க அம்மா கூச்சப்பட்டார், நானாகத்தான் கேட்டேன்.

இரண்டாம் சுற்றிலும் புண் வந்தது, இரண்டே இடத்தில். இட்லி இறங்கியது.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்க முடியாது. வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் புண் வழியே கிருமி ரத்தத்தில் கலந்துவிடும். ராத்திரி டூட்டி டாக்டருக்கு அம்மாவைத் தெரியாது என்பதால் ஃபைலின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தேன்: கீமோ நோயாளி, மருந்தின் பெயர், கடைசி ஊசி போட்ட தேதி.