பிள்ளைக்குப் புரைக்கேறினால் வாய்க்குள் விரலை விடாதீர்கள்

கொழும்பில் ஆடி வேல் திருவிழாக் காலத்தில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் போனால் வீதியோரம் கச்சான் (நிலக்கடலை) குவிந்திருக்கும். ரம்புட்டான் வருவதும் அந்த நாட்களில்தான். சின்னப் பிள்ளைகளின் சுவாசப் பாதைக்கு இரண்டுமே ஆபத்து. ரம்புட்டானை உரித்து முழுசாக வாயில் போட்டால் வழுக்கும் சதை விதையோடு தொண்டைக்குள் சறுக்கிவிடும்.

பிள்ளை திணறியதும் பதறிப்போய் விரலை விட்டுத் துழாவுகிறோம். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலால் தேடினால் அது வெளியே வருவதைவிட இன்னும் உள்ளே இறங்கவே வாய்ப்பு அதிகம். பாதி அடைத்திருந்த பாதை முழுதாக அடைபடும். பொருள் தெளிவாகத் தெரிந்தால் மட்டும் எடுங்கள். தண்ணீர் பருக்குவது, சோற்றுருண்டை விழுங்க வைப்பது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிக் குலுக்குவது எல்லாமே தவறு.

பிள்ளை சத்தமாக இருமினால் இரும விடுங்கள். அந்த இருமலைவிட நல்ல வைத்தியம் அப்போது இல்லை. சத்தமே வராமல் முகம் நீலமாகிறதா? உடனே கை வைக்க வேண்டும். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தை என்றால் முன்னங்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்கப் பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 தட்டு. வரவில்லையா, மல்லாக்கத் திருப்பி நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் 5 அழுத்தம். மாறி மாறிச் செய்யுங்கள். இந்த வயதில் வயிற்றை அழுத்தவே கூடாது, ஈரலில் காயம் படும். ஒரு வயதைத் தாண்டியவர்களை முன்னால் குனிய வைத்து முதுகில் 5 தட்டு. பிறகு பின்னால் நின்று தொப்புளுக்குச் சற்று மேலே பொத்திய கையை வைத்து, உள்ளும் மேலுமாக 5 தடவை இழுக்க வேண்டும்.

இதையெல்லாம் விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட்டோ பிடிக்க ஓடுவதுதான் என்னை அதிகம் வருந்த வைக்கும் தவறு. மூளைக்கு ஒட்சிசன் இல்லாமல் தாங்குவது சில நிமிடங்கள்தான். மாலை நேரத்துக் காலி வீதி நெரிசலில் அந்த நிமிடங்கள் ஒரு சிக்னலிலேயே போய்விடும். ஒருவர் தட்டத் தொடங்க, மற்றவர் 1990க்கு அழைக்கட்டும். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், வழியும் சொல்லித் தருவார்கள்.

பிள்ளை மயங்கிவிட்டால் தரையில் கிடத்தி நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்: 30 அழுத்தம், 2 மூச்சு. ஒவ்வொரு முறையும் மூச்சு கொடுக்குமுன் வாய்க்குள் பாருங்கள். கைக்குழந்தையின் தலையைப் பெரியவர்களுக்குச் செய்வதுபோல் அதிகமாகப் பின்னால் சாய்த்தால் அதுவே பாதையை மூடிவிடும். முகம் நேரே மேலே பார்த்தால் போதும்.

கச்சான் ஏமாற்றும். பருப்புத் துண்டு தொண்டையைத் தாண்டிப் பெரும்பாலும் வலப்பக்க நுரையீரல் குழாய்க்குள் இறங்கும், அந்தப் பக்கம் அகலமாகவும் நேராகவும் இருப்பதால். இருமல் அடங்கிவிடும், "சரி, விழுங்கிவிட்டான்" என்று வீட்டார் நிம்மதி அடைவார்கள். சில நாள் கழித்து இழுப்பு, காய்ச்சல், விடாத இருமல். வைத்தியருக்கு அது ஆஸ்துமா போலத் தெரியும், ஏனென்றால் கச்சான் எக்ஸ்ரேயில் தெரியாது. அன்றைக்குப் புரைக்கேறியதைச் சொல்ல மறப்பதுதான் இங்கே நடக்கும் தவறு. அந்த ஒரு வரியைச் சொன்னால் மயக்க மருந்து கொடுத்து, குழாய்க் கமரா விட்டுப் பார்க்கும் முடிவு சீக்கிரம் வரும். 5 வயது வரை முழுக் கச்சான் வேண்டாம். ரம்புட்டானை விதை நீக்கி நறுக்கிக் கொடுங்கள்.

பிள்ளைக்குத் தொண்டை வீங்கி, மூச்சை இழுக்கும்போது கரகரவென்று சத்தம், எச்சில் வழிகிறது, நிமிர்ந்தே உட்கார்ந்திருக்கிறது என்றால், கரண்டியால் நாக்கை அமுக்கித் தொண்டையைப் பார்க்காதீர்கள். படுக்க வைக்கவும் வேண்டாம். 4 மில்லிமீற்றர் அகலமான சுவாசக் குழாயில் சுற்றிலும் 1 மில்லிமீற்றர் வீங்கினால் காற்றுக்கு எதிர்ப்பு 16 மடங்காகும். அழவைத்தால் மேலும் மோசம். தாயின் மடியிலேயே வைத்துக் கொண்டுபோங்கள். வலிப்பு வரும்போதும் பற்களுக்கிடையே கரண்டி செருக வேண்டாம், பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள்.

அப்புறம் சத்திரசிகிச்சை நாள். பசியில் அழுகிறதே என்று பாட்டி ஒளித்துக் கொடுக்கும் பிஸ்கட், மயங்கிய பிறகு வயிற்றிலிருந்து மேலேறி நுரையீரலுக்குள் போகலாம். மயக்க மருந்துக்கு முன் வெறும் வயிறாக இருக்க வேண்டிய நேரம், சோறு, பிஸ்கட், பால்மா என்றால் 6 மணித்தியாலம், தாய்ப்பால் 4, வெறும் தண்ணீர் 2 என்பது பொதுக் கணக்கு. உங்கள் வைத்தியசாலை சொல்லும் நேரமே உங்களுக்கு. கொடுத்துவிட்டால் தயவுசெய்து மறைக்காதீர்கள், திகதியைத் தள்ளிப்போடலாம். ஆடும் பால்பல், சளி இரண்டையும் மயக்க மருந்து வைத்தியரிடம் சொல்லுங்கள்.

பெரியவர்கள் மறைப்பது வெற்றிலை. ஆண்டுக்கணக்காகப் பாக்கு மென்ற கன்னம் இறுகி, மூன்று விரல் அகலத்துக்குக்கூட வாய் திறக்காமல் போகலாம். அப்போது மயக்கத்தில் சுவாசக் குழாயை வாய்வழி விடுவது கடினம். முன்பே தெரிந்தால் நோயாளி விழித்திருக்கும்போதே மூக்கு வழியாக மெல்லிய கமராக் குழாயை விட ஏற்பாடு செய்வார்கள்.