ஹொய்குயெனில் பிள்ளையைச் சேர்க்கும் தமிழ்ப் பெற்றோருக்கு

டோக்கியோவில் எதொகாவா வட்டத்தின் நிஷி-கசாய் ரயில் நிலையத்தைச் சுற்றிக் குடியேறும் தமிழ்க் குடும்பங்கள் பெட்டி பிரிப்பதற்கு முன்பே கேட்கும் கேள்வி, பிள்ளையை எங்கே சேர்ப்பது என்பதுதான். தாய், தந்தை இருவரும் வேலைக்குச் செல்பவர்களாயின், கைக்குழந்தை முதல் ஏற்றுக்கொண்டு மாலை வரை பார்த்துக்கொள்ளும் ஹொய்குயெனுக்கு விண்ணப்பிக்கலாம். ஒருவர் வீட்டில் இருப்பவராயின், 3 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை நாளொன்றுக்குச் சுமார் 4 மணி நேரம் வைத்துக்கொள்ளும் யோச்சியென் பொருந்தும். இரண்டையும் சேர்த்து நடத்தும் கொதொமோயென்களும் உண்டு.

ஹொய்குயெனில் இடம் தருவது வட்ட அலுவலகம். கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால், அதற்கான விண்ணப்பம் பெரும்பாலும் முந்தைய ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே முடிந்துவிடும். ஆண்டின் நடுவில் வருபவர்கள் காலியிடத்துக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். இருவரின் நிறுவனங்களும் நிரப்பித் தரும் வேலைச் சான்று இதில் மிக முக்கியம். வேலை நேரத்தையும் குடும்ப நிலையையும் வைத்துப் புள்ளிகள் போட்டே வரிசை முடிவாகிறது. 2019 அக்டோபர் முதல் 3 வயதிலிருந்து 5 வயது வரையிலான வகுப்புகளுக்குக் கட்டணம் இல்லை என்றாலும், சாப்பாடு, பேருந்து போன்ற செலவுகள் நம்முடையவை. அதற்குக் கீழான வகுப்புகளில் கட்டணத்தைப் பெற்றோரின் வருமானமும் குடியிருப்பு வரியும் தீர்மானித்து வந்தன. டோக்கியோவில் 2025 செப்டம்பர் முதல் அந்தக் கட்டணமும் இல்லை. ஜப்பானில் இன்னும் வரி கட்டாதவர்களிடம் ஊரில் ஈட்டிய வருமானத்துக்குச் சான்று கேட்கப்படலாம் என்பதால், பழைய சம்பளச் சீட்டுகளை எறியாமல் கொண்டுவாருங்கள்.

இடம் கிடைத்ததும் முழு நாளும் விட்டுவிடலாம் என்று எண்ணிவிடாதீர்கள். நராஷி ஹொய்க்கு எனப்படும் பழக்கும் காலத்தில் முதல் நாள் ஒரு மணி, இரண்டு மணி நேரம் என்று தொடங்கி, பிறகு மதியச் சாப்பாடு வரை, அதன்பின் தூக்கம் வரை என்று சிறிது சிறிதாகக் கூட்டுவார்கள். ஓரிரு வாரம் இப்படிப் போகும். அந்த நாள்களில் பெற்றோரில் ஒருவர் விடுப்பில் இருப்பதே நல்லது. அதன் பிறகும், உடல் வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸைத் தொட்டால் நம் அலுவலகத்துக்கு அழைப்பு வந்துவிடும். நம் ஊரில் நெற்றியைத் தொட்டுப் பார்த்து விட்டுவிடுகிற சூடுதான் அது.

எங்களைத் திணறவைத்தது சாப்பாடு. நாங்கள் சைவம். சேர்க்கையின்போது படிவத்தில் "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தோம். மூன்றாம் நாள் மகளின் தட்டில் மிசோ சூப் இருந்தது. அதன் சாறு உலர்ந்த மீன் சீவலான கத்சுவோபுஷியில் எடுத்தது. ஊட்டியவர்கள் மேல் குற்றமில்லை, அவர்கள் கணக்கில் அது இறைச்சியே அன்று. ஹாம்கூடச் சில இடங்களில் அந்தக் கணக்கில் வருவதில்லை. ஆகவே மாடு, பன்றி, கோழி, மீன், மீன் சாறு, முட்டை, ஜெலட்டின் என்று பொருள் பொருளாகப் பெயர் எழுதி, எது கூடும், எது கூடாது என்று குறித்துக் கொடுங்கள். மருத்துவச் சான்றுள்ள ஒவ்வாமைக்குக் கிடைக்கும் கவனம் உணவுப் பழக்கத்துக்குக் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. சில இடங்களில் அந்தப் பொருளை மட்டும் நீக்கித் தருவார்கள், சில இடங்களில் மாற்றுணவை நாமே கட்டிக் கொடுக்க வேண்டியிருக்கும். சேரும் முன்பே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

உடம்பில் இருப்பவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நலம். அரைஞாண் கயிற்றை டயப்பர் மாற்றும்போது முதன்முதலாகப் பார்க்கும் ஆசிரியைக்கு அது என்னவென்றே விளங்காது. கன்னத்தில் வைத்த திருஷ்டிப் பொட்டை எங்கள் மகளுக்கு அழுக்கென்று நினைத்து அக்கறையாகத் துடைத்துவிட்டார்கள். தோட்டைக் கழற்றச் சொல்வார்கள். கழன்று விழுந்தால் வேறு குழந்தை எடுத்து விழுங்கிவிடும் என்பது நியாயமான அச்சம். துளை தூர்ந்துவிடுமே என்று ஊரிலிருந்து பாட்டி கவலைப்பட்டால், விடுமுறை நாள்களில் போட்டுவிடுவதாகச் சொல்லுங்கள்.

கொண்டுபோகும் பொருள் ஒவ்வொன்றிலும், ஒவ்வொரு டயப்பரிலும்கூட, பெயர் இருக்க வேண்டும். நம் பெயர்களின் நீளத்துக்குப் பேனாவால் எழுதிக் கை ஓய்ந்துபோகும். ஜப்பானியர் வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் கதகனா எழுத்தில் ரப்பர் முத்திரை ஒன்று செய்துகொள்வது உத்தமம்.

தினமும் கைமாறும் ரென்ராகுச்சோ என்ற தொடர்பு ஏட்டில் காலை வெப்பநிலை, தூங்கிய நேரம், மலம் கழித்தது, சாப்பிட்டது எல்லாவற்றையும் எழுத வேண்டும். பல இடங்களில் இப்போது இது கைபேசிச் செயலியாகிவிட்டது. சலிப்பூட்டும் வேலைதான், ஆனாலும் விடாதீர்கள். "உப்புமா" என்று நான் எழுதியதற்கு, அது எதில் செய்வது என்று மறுநாள் பதில் கேள்வி வந்தது. அந்தத் துணிவில் தண்ணி, வலிக்குது, தூக்கு, உச்சா என்று மகள் சொல்லும் பத்துச் சொற்களைக் கதகனாவில் எழுதிப் பொருளோடு கொடுத்தேன். ஆசிரியை அதை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவைத்தார். ஆறு மாதத்தில் மகள் வீட்டிலும் "ஒஷிக்கோ" என்றே சொல்லத் தொடங்கிவிட்டாள். ஆசிரியை மட்டும் இன்னும் அவளிடம் "உச்சா?" என்றுதான் கேட்கிறார்.