ஈரத்தில் வாடிய குண்டுமல்லி

மயிலாடுதுறையில் எங்கள் மாடித் தொட்டியில் வளர்ந்த குண்டுமல்லி சித்திரை வெயிலில் துவண்டபோது, தாகம் என்று எண்ணிக் காலையும் மாலையும் அரைக்குடம் தண்ணீர் ஊற்றினேன்; அது மேலும் வாடியது. மண் ஈரமாக இருக்கும்போதே இலை தொங்கினால் கோளாறு பெரும்பாலும் வேரில்தான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். வயலிலிருந்து நான் அள்ளி வந்த காவிரி வண்டல், நெல்லுக்குத் தண்ணீரைத் தேக்கித் தரும் அதே களிமண், அடித்துளையை முற்றிலும் அடைத்திருந்தது. சேற்று நாற்றம் வீசியது. கறுத்த வேர்நுனியை இழுத்தால் தோல் வழுக்கி உரிந்து, நடுநார் மட்டும் விரலில் நின்றது. அழுகியவற்றை வெட்டி, எஞ்சிய வேரால் தாங்க முடிகிற அளவுக்குக் கிளைகளையும் குறைத்து, துளைமேல் ஓட்டுச்சில்லு வைத்து, மண், மணல், மக்கிய தொழுவுரம் மூன்றையும் சம அளவில் கலந்து மீண்டும் நட்டேன். பத்து நாள் நிழலில் இருந்தது. ரசாயன உரம் எதுவும் இடவில்லை, நலிந்த வேருக்கு அது சுமையே.

இப்போது விரலை இரண்டு அங்குலம் நுழைத்து, ஈரம் தட்டாவிட்டால் மட்டும், அடியில் நீர் கசியும்வரை காலையில் ஊற்றுகிறேன். மூன்றாம் வாரம் கணுக்களில் துளிர் வந்தது. தண்ணீரில் நான் கஞ்சத்தனம் காட்டுவதாகவே பக்கத்து வீட்டுப் பாட்டி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.