மலிவான மெடிக்கல் எய்ட்: ஓய்வு பெற்றவர்கள் கணக்குப் போட வேண்டிய முறை

ஆண்டுக் கடைசி வந்தால் தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கம் பென்ஷன் வாங்கும் வீடுகளில் இதே பேச்சுதான். ஜனவரியில் மெடிக்கல் எய்ட் சந்தா ஏறுகிறது, பென்ஷன் அந்த அளவுக்கு ஏறவில்லை, மலிவான திட்டத்துக்கு இறங்கிவிடலாமா? இறங்கலாம், தப்பில்லை. ஆனால் இரண்டு திட்டங்களின் மாதச் சந்தாவை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். உடம்பு படுத்தும் ஆண்டில் கையை விட்டு மொத்தம் எவ்வளவு போகும் என்பதே ஒரு திட்டத்தின் விலை.

முதலில், உங்களுக்கு விற்கப்படுவது மெடிக்கல் எய்டா, வெறும் இன்சூரன்ஸா என்று பாருங்கள். மெடிக்கல் எய்ட் என்பது மாதச் சந்தா வாங்கிக்கொண்டு மருத்துவ பில்லைக் கட்டும் திட்டம்; 1998-ஆம் ஆண்டின் மருத்துவத் திட்டச் சட்டத்தின் கீழ் வருவது. வயதைக் காட்டியோ நோயைக் காட்டியோ சந்தாவை ஏற்ற முடியாது (தாமதமாகச் சேருபவருக்கான அபராதம் மட்டும் விதிவிலக்கு); வருமானத்தையும் குடும்பத்தில் எத்தனை பேர் என்பதையும் வைத்துத்தான் சந்தா மாறும். மாதம் சில நூறு ரேண்டுக்குக் கிடைக்கும் ஹாஸ்பிட்டல் கேஷ் பிளான் அப்படி இல்லை. அது ஆஸ்பத்திரி பில்லைக் கட்டாது. படுத்த நாளுக்கு இவ்வளவு என்று உங்கள் கையில் கொடுக்கும். நாளுக்கு 1,000 ரேண்ட், மூன்றாம் நாளிலிருந்து என்று பத்திரத்தில் இருந்தால், நான்கு நாள் படுத்தவருக்கு 2,000 ரேண்ட்தான். தனியார் ஆஸ்பத்திரியில் அது அட்மிஷன் டெபாசிட்டுக்கே காணாது. மெடிக்கல் எய்டை விட்டுவிட்டு இதை எடுப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான முடிவு.

மெடிக்கல் எய்ட் என்றால், எவ்வளவு மலிவான திட்டமானாலும் கட்டாயக் குறைந்தபட்சப் பலன்களைக் கொடுத்தே ஆக வேண்டும். அவசர சிகிச்சை, சட்டத்தில் பட்டியலிட்ட சுமார் 270 நோய்நிலைகள், சர்க்கரை, பிரஷர், ஆஸ்துமா, கிளாக்கோமா, தைராய்டு போன்ற நாள்பட்ட நோய்கள் இதில் அடங்கும். பிறகு மலிவுத் திட்டம் எங்கே மிச்சம் பிடிக்கிறது? எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர், எந்த மாத்திரை என்ற கட்டுப்பாட்டில். சில திட்டங்களில் நாள்பட்ட நோய் மருந்துக்கு அரசு ஆஸ்பத்திரியையே கைகாட்டுவார்கள். ஆகவே நெட்வொர்க் பட்டியலை, அதாவது திட்டம் அனுமதிக்கும் ஆஸ்பத்திரிகளின் பட்டியலை வாங்கி, உங்கள் வீட்டிலிருந்து இரவு நேரத்தில் போகக்கூடிய ஆஸ்பத்திரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். திட்டமிட்ட ஆபரேஷனை வெளியில் செய்தால் கணிசமான தொகையைக் கைக்காசாகக் கட்டச் சொல்வார்கள்.

கட்டாயப் பலன் பட்டியலில் இல்லாதவையே வயதானவர்களுக்கு அதிகம் செலவு வைப்பவை. மூட்டுத் தேய்மானம், எலும்பு மெலிவு, கௌட் (யூரிக் அமில மூட்டுவலி) மூன்றும் நாள்பட்ட நோய்ப் பட்டியலில் கிடையாது. மலிவுத் திட்டங்கள் பலவற்றில் முழங்கால் மாற்று ஆபரேஷனே விலக்குப் பட்டியலில் இருக்கும். முழங்கால் ஏற்கெனவே வலிக்கிறது என்றால் விளம்பரத் தாளை நம்பாதீர்கள். திட்டத்தின் விதிகளில் 'விலக்குகள்' என்ற பக்கத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

அடுத்து, திட்டத் தாளில் காணும் '100 சதவீதம்'. இது முழு பில் என்று நினைத்து ஏமாறுபவர்கள் ஏராளம். திட்டம் தானே வைத்திருக்கும் கட்டணத்தில் 100 சதவீதம் என்றுதான் அதற்குப் பொருள். மயக்க மருந்து டாக்டர் 9,000 ரேண்ட் கேட்கிறார், திட்டத்தின் கட்டணம் 3,000 என்றால் மிச்சம் 6,000 உங்கள் தலையில். ஆபரேஷனுக்கு முன்பே சர்ஜன், மயக்க மருந்து டாக்டர் இருவரிடமும் எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள். பில்லில் நோயைக் குறிக்கும் ஐசிடி கோடையும் சரிபாருங்கள்: சாதாரண பிரஷருக்கு ஐ10, இரண்டாம் வகைச் சர்க்கரைக்கு இ11, வயதால் வரும் கண்புரைக்கு எச்25. கோடு தப்பாக இருந்தால் கட்டாயப் பலனாக வர வேண்டிய பில் திட்டத்துக்குள் இருக்கும் உங்கள் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து கழிந்துபோகும். கட்டாயப் பலனைச் சேமிப்பிலிருந்து எடுக்கச் சட்டம் அனுமதிக்கவில்லை.

இப்போது ஒரு தாளில் எழுதுங்கள். உதாரணமாக, பழைய திட்டம் மாதம் 4,800, புதியது 2,900. ஆண்டுக்கு மிச்சம் 22,800. புதியதில் மூட்டுவலி மருந்துக்கு மாதம் 700 கைக்காசு, ஆண்டுக்கு 8,400. நல்ல ஆண்டில் 14,400 நிற்கும். கெட்ட ஆண்டில் நெட்வொர்க்குக்கு வெளியே சேர்ந்ததற்கு 12,000, மயக்க மருந்துக்கு 6,000 கூடினால் 3,600 நஷ்டம். இரண்டு நல்ல ஆண்டு, ஒரு கெட்ட ஆண்டு என்றால் மூன்றாண்டில் 25,200 லாபம்தான். அந்த மிச்சத்தைத் தொடாமல் தனிக் கணக்கில் போடுபவருக்கு மலிவுத் திட்டம் சரிப்படும். மாதாமாதம் வீட்டுச் செலவில் கரைப்பவருக்குச் சரிப்படாது. விலக்கில் உள்ள ஆபரேஷன் ஒன்று வந்தால் இந்தக் கணக்கு முழுவதும் அடிபடும் என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு இறங்கினாலும் முழுதாக வெளியேறாதீர்கள். தொடர்ந்து 90 நாளோ அதற்கு மேலோ இடைவெளி விட்டுத் திரும்பச் சேர்ந்தால் மூன்று மாதப் பொதுக் காத்திருப்பும், இருக்கும் நோய்க்குப் பன்னிரண்டு மாதக் காத்திருப்பும் போடலாம். அந்தக் காலத்தில் கட்டாயப் பலனும் கிடைக்காமல் போகலாம். போதாததற்குத் தாமதமாகச் சேருவதற்கான அபராதம். சேரும்போதுள்ள வயதிலிருந்து 35-ஐயும், மெடிக்கல் எய்டில் இருந்த ஆண்டுகளையும் கழியுங்கள். மீதி 1 முதல் 4 என்றால் சந்தாவில் 5 சதவீதம், 5 முதல் 14 என்றால் 25, 15 முதல் 24 என்றால் 50, அதற்கு மேல் 75 சதவீதம் கூடும், ஆயுள் முழுக்க. 65 வயதில் 20 ஆண்டு சான்று காட்டினால் 25 சதவீதம். ஒன்றுமே காட்ட முடியாவிட்டால் 75. பழைய உறுப்பினர் சான்றிதழ்களைத் தேடி எடுங்கள். தேடியும் கிடைக்கவில்லை என்றால் சத்தியப் பிரமாணப் பத்திரம் கொடுக்கலாம்.

கம்பெனித் திட்டத்தில் இருந்து ஓய்வு பெறுபவர் அதிலேயே தொடரச் சட்டத்தில் உரிமை உண்டு. அவர் காலமானால் சார்ந்திருந்த மனைவிக்கும் உண்டு. வருமான அடிப்படையில் சந்தா வாங்கும் திட்டமென்றால், சம்பளம் நின்று பென்ஷன் தொடங்கியதும் புதிய வருமானச் சான்றை அனுப்புங்கள். அவர்களாகக் குறைக்கமாட்டார்கள்.

வரிச் சலுகையையும் பாருங்கள். 65 வயதானவருக்கு, கைக்காசு மருத்துவச் செலவோடு, சந்தா கட்டுவதற்காக வரியில் கிடைக்கும் கழிவின் மூன்று மடங்குக்கு மேற்பட்ட சந்தாவையும் கூட்டி, அதில் 33.3 சதவீதம் வரியில் குறையும். ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். வரியே கட்டாத அளவுக்குப் பென்ஷன் குறைவு என்றால் இதனால் பயன் இல்லை.

கட்டாயப் பலனுக்குப் பணம் தர மறுத்தால் முதலில் திட்டத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து, குறிப்பு எண் வாங்குங்கள். சரியான பதில் வராவிட்டால் பில், ஐசிடி கோடு, டாக்டரின் கடிதம், மறுப்புக் கடிதம் நான்கையும் சேர்த்து, இந்தத் திட்டங்களைக் கண்காணிக்கும் மருத்துவத் திட்டக் கவுன்சிலுக்கு அனுப்புங்கள். அங்கே கட்டணம் கிடையாது. திட்டம் 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும்.