தூத்துக்குடியில் தூண்டில் சுற்றுலா: எங்கே தொடங்குவது?

தூண்டில் மீன்பிடிப்பை வைத்துச் சுற்றுலா நடத்தலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் பார்ப்பது புதுப் படகு, ரிசார்ட், இணையதளம். அதெல்லாம் அப்புறம். முதலில் திரேஸ்புரம் கரைக்குப் போய், வருடக்கணக்காகத் தூண்டில் போடுகிற நாட்டுப்படகுக்காரர்கள் இரண்டு மூன்று பேரோடு உட்கார்ந்து பேசுங்கள். எந்தப் பாரில் (கடலடிப் பாறைத்திட்டில்) எந்த மாதம் பாரை மீன் கடிக்கும், எங்கே கலவா மீன் ஒதுங்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும், அந்த அறிவைத்தான் நீங்கள் விற்கப்போகிறீர்கள்.

கூலியை அன்றைக்கே பேசி முடியுங்கள். மீன் பட்டாலும் படாவிட்டாலும் டீசல் செலவு போக, வழக்கமாகத் தொழிலுக்குப் போனால் கையில் நிற்கும் தொகையைவிடக் கூடுதலாக அவருக்குக் கிடைக்க வேண்டும். இதில் கஞ்சத்தனம் செய்தால் இரண்டாவது வாரமே அவர் வலையை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போய்விடுவார், அதில் தப்பே இல்லை.

அடுத்தது அனுமதி. மீன்பிடிக்கப் பதிவு செய்த படகில் காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்ற முடியாது, அதற்கு என்ன அனுமதி வேண்டும் என்று மீன்வளத் துறையிலும் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்திலும் நேரில் போய்க் கேளுங்கள். வனத்துறையையும் விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் வான்தீவு, காசுவார், காரைச்சல்லி எல்லாமே 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் சேர்ந்தவை. அந்தப் பக்கம் தூண்டிலும் கூடாது, பவளத்தின் மேல் நங்கூரமும் கூடாது. எல்லையை ஜிபிஎஸ்ஸில் குறித்துப் படகோட்டியிடம் கொடுத்துவிடுங்கள்.

காலம்? வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், ஜனவரி நடுவில் இருந்து ஏப்ரல் தொடக்கம் வரை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடை விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப்படகுக்கு இல்லை, ஆனாலும் மீன் இனம் பெருகட்டும் என்று விடுகிற காலத்தில் நாம் பொழுதுபோக்குக்காகப் போக வேண்டாம் என்பது என் கருத்து. அப்புறம் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று பிடித்துக்கொள்ளும், புதியவர்களை ஏற்றிக்கொண்டு போகிற கடல் இல்லை அது. ஞாயிற்றுக்கிழமை இங்கே பெரும்பாலும் தொழிலுக்குப் போக மாட்டார்கள், அன்றைக்கு முன்பதிவு வாங்காதீர்கள்.

ஒரு படகுக்கு மூன்று விருந்தினருக்கு மேல் வேண்டாம், எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். புறப்படும்முன் மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் (INCOIS) தரும் கடல்நிலை அறிவிப்பைப் பாருங்கள். அதில் எச்சரிக்கை இல்லாவிட்டாலும் படகோட்டி வேண்டாம் என்றால் வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடலோரக் காவல்படையின் அவசர உதவி எண் 1554-ஐப் படகிலேயே எழுதி வையுங்கள்.

தூண்டில் முள்ளின் நுனியில் பின்னோக்கி நிற்கும் சின்னக் கொக்கியை நசுக்கிவிட்டால் சின்ன மீனை அதிகக் காயமில்லாமல் திருப்பி விடலாம். ஈரக்கையால்தான் தொட வேண்டும். ஆமை மாட்டினால் இழுக்காமல் பக்கத்தில் கொண்டுவந்து, தூண்டில் நரம்பை முள்ளுக்கு ஒட்டி வெட்டுங்கள்.

பிடித்ததில் ஒன்றிரண்டை மட்டும் கரைக்குக் கொண்டுவந்து படகுக்காரர் வீட்டிலேயே குழம்பு வைக்கச் சொல்லுங்கள். சமைக்கிற அம்மாவுக்குத் தனியாகக் கூலி, அவர் கையிலேயே. முதல் பருவத்துக்கு மூன்று படகு போதும்.