டவுன்லோட் போட்டுவிட்டு 'ஓடுமா?' என்று கேட்பவர்களுக்கு

விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்ததும், கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் பழைய லேப்டாப்பில் உபுண்டுவோ மின்ட்டோ (இரண்டும் லினக்ஸ் வகைகள்) ஏற்றிக்கொண்ட பசங்க கேட்பது ஒன்றைத்தான்: "அண்ணா, இந்த கேம் லினக்ஸில் ஓடுமா?" காசு கட்டி, பாதி இறங்கிய பிறகு கேட்கிறார்கள் என்பதுதான் கொடுமை. ரேம் பற்றாது, டிஸ்கில் இடமில்லை என்பதெல்லாம் தானாகவே தெரிந்துவிடும், அவற்றை விட்டுவிடுவோம். மற்ற தவறுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தரத்தை மட்டும் பார்த்து வாங்குவது

விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட்டும் மென்பொருள் புரோட்டான். அதில் எந்த கேம் எப்படி ஓடுகிறது என்று சொல்லும் புரோட்டான்டிபி தளத்தில் கேமின் பெயரைத் தட்டினால் பிளாட்டினம், கோல்டு, சில்வர், பிரான்ஸ், போர்க்டு (ஓடாது) என்று ஏதாவது ஒரு தரம் வரும். இதை யாரோ பரிசோதித்துக் கொடுத்த சான்றிதழாக நினைத்துக்கொள்கிறார்கள். ஆடியவர்கள் எழுதிப்போட்ட அறிக்கைகளை வைத்து வரும் தரம் அது. கேம் இன்று மாறினால் தரமும் இன்றே மாறிவிடாது.

ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் லினக்ஸில் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. 2024 அக்டோபர் கடைசியில் அதை உருவாக்கியவர்களே லினக்ஸை அடைத்துவிட்டார்கள். ஜிடிஏ 5 இன்னும் வேடிக்கை. கதைப் பகுதி ஓடும். 2024 செப்டம்பரில் ஆன்லைன் பகுதிக்கு பேட்டில்ஐ என்ற ஆன்டி-சீட் (ஆட்டத்தில் ஏமாற்றுபவர்களைத் தடுக்கும் மென்பொருள்) வந்தது, லினக்ஸுக்கு அதைத் திறந்துவிடவில்லை, அதோடு ஆன்லைன் போயிற்று. கதைக்காக வாங்கியவருக்கு நஷ்டமில்லை. நண்பர்களோடு ஆட வாங்கியவருக்கு முழு நஷ்டம்.

காரணம் இதுதான். புரோட்டான், விண்டோஸ் நிரல் கேட்பதை லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றித் தருகிறது. ஆன்டி-சீட்டில் சில வகை விண்டோஸின் கெர்னலுக்குள், அதாவது இயங்குதளத்தின் மையத்துக்குள், டிரைவராகப் போய் உட்காரும். இங்கே விண்டோஸ் கெர்னலே கிடையாது, எங்கே உட்காரும்? ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ இரண்டிலும் புரோட்டானுக்கு 2021-லேயே வழி வந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு கேமுக்கும் அதை உருவாக்கியவர்தான் திறந்துவிட வேண்டும். அவர் மறுத்தால் நீங்கள் எந்த புரோட்டானை மாற்றிப் பார்த்தும் பயனில்லை.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். ஆன்லைன் கேம் என்றால் முதலில், எந்த கேமின் ஆன்டி-சீட் லினக்ஸை விடுகிறது என்று பட்டியலிடும் 'ஆர் வீ ஆன்டி-சீட் யெட்' தளம். அங்கே 'டினைடு' (மறுத்துவிட்டார்கள்) அல்லது 'புரோக்கன்' (ஓடவில்லை) என்று இருந்தால் அத்தோடு நிறுத்துங்கள். அதைத் தாண்டினால் புரோட்டான்டிபி. அதிலும் மேலே உள்ள தரத்தை விட்டுவிட்டுக் கீழே இறங்கி, கடைசி இரண்டு மூன்று மாத அறிக்கைகளில் உங்கள் கிராபிக்ஸ் கார்டு உள்ளவர் என்ன எழுதியிருக்கிறார் என்று படியுங்கள். டெமோ இருந்தால் அதை முதலில் இறக்குங்கள்.

ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாததற்கு மலையில் விலை அதிகம். ஃபைபர் எட்டாத இடங்களில் தினம் 2 ஜிபி மொபைல் டேட்டாதான் கதி. 100 ஜிபி கேம் இறங்க 50 நாள். ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் பணம் திரும்பக் கேட்க, வாங்கி 14 நாளுக்குள் இருக்க வேண்டும், ஆடியது 2 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். அந்த 14 நாளில் உங்களுக்கு இறங்கியிருப்பது 28 ஜிபி! கூடலூர்ப் பக்கம் ஒரு தம்பி இப்படித்தான் டேட்டாவைச் சேர்த்துச் சேர்த்து இறக்கி முடித்தான். ஆன்லைன் பகுதி திறக்கவில்லை. கெடு எப்போதோ தாண்டியிருந்தது. தாண்டிய பிறகும் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

ஒரே கேமை நண்பர் ஏற்கெனவே வைத்திருந்தால் இன்டர்நெட்டை விட்டுவிடுங்கள். இரண்டு கணினியும் ஒரே வைஃபையில் இருக்கட்டும். ஸ்டீம் செட்டிங்ஸில், டவுன்லோட்ஸ் பக்கத்தில், உள்ளூர் நெட்வொர்க் வழியாகக் கோப்புகளை மாற்றும் வசதியை இருவரும் திறந்தால், அவரிடமிருந்தே உங்களுக்கு இறங்கும். உங்கள் கணக்கிலும் அந்த கேம் இருக்க வேண்டும்.

வல்கனைச் சோதிக்காதது

புரோட்டான் கிராபிக்ஸ் கார்டோடு பேசுவது வல்கன் என்ற ஏபிஐ (நிரல் இடைமுகம்) வழியாக. வல்கன்-டூல்ஸ் தொகுப்பை நிறுவி, டெர்மினலில் வல்கன்இன்ஃபோ கட்டளையைச் சுருக்கமாகக் காட்டும்படி (vulkaninfo --summary) ஓட்டுங்கள். இரண்டு விஷயம் பாருங்கள்: கார்டின் பெயர், ஏபிஐ பதிப்பு. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எல்எல்விஎம்பைப் மட்டும் வந்தால் படத்தை வரைவது உங்கள் பிராசஸர், கார்டு அல்ல. டிரைவரைச் சரிசெய்யாமல் எந்த கேமையும் தொடாதீர்கள்.

பதிப்பு 1.3-க்குக் கீழே என்றால் புரோட்டான் 8-ம் அதற்குப் பிறகு வந்தவையும் டைரக்ட்3டி 11 (விண்டோஸ் கேம்கள் படம் வரையும் முறை) கேம்களில் உதவாது. இன்டெல் 4-ஆம் தலைமுறை லேப்டாப்கள் மாட்டுவது இங்கேதான். புரோட்டான் 7-ஐத் தேர்ந்தெடுத்தால் பழைய கேம்கள் சில ஓடும். டைரக்ட்3டி 12 கேம்களை மறந்துவிடுங்கள்.

விண்டோஸ் டிரைவில் இருக்கும் கேமையே ஓட்டுவது

டேட்டா மிச்சம் என்று செய்கிறார்கள், புரிகிறது. ஆனால் புரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் உருவாக்கும் ஃபோல்டரில் 'சி:' போன்ற பெயர்கள் வரும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வகை டிரைவில் முக்காற்புள்ளி (:) உள்ள பெயரை விண்டோஸ் ஏற்காது. கேம் திறக்காமல் போகும், அல்லது அடுத்த முறை விண்டோஸ் அந்த டிரைவில் பிழை சொல்லும். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் அணைக்காமல் இருந்தால் லினக்ஸில் அந்த டிரைவ் படிக்க மட்டுமே திறக்கும், எழுத விடாது. ஸ்டீம் கேம்கள் இருக்கும் ஸ்டீம்ஆப்ஸ் ஃபோல்டரை லினக்ஸின் எக்ஸ்ட்4 வகை டிரைவுக்கு நகலெடுத்து அங்கிருந்து ஓட்டுங்கள்.

டெக் வெரிஃபைடு என்றால் நம் லேப்டாப்பிலும் ஓடும்

'டெக் வெரிஃபைடு' என்பது ஸ்டீம் டெக் என்ற கையடக்க கேம் கணினியில் ஓடும் என்பதற்கான குறி. அதில் இருப்பது ஏஎம்டி கார்டு. உங்களுடையது என்ன?

ஸ்நாப் ஸ்டீம்

வேண்டாம். உபுண்டுவின் ஸ்நாப் பொதியை விட்டுவிட்டு, ஸ்டீம் தளத்திலுள்ள டெப் கோப்பைப் போடுங்கள்.

'லினக்ஸ் பதிப்பு இல்லை' என்று திரும்பிவிடுவது

ராக்கெட் லீக்கின் சொந்த லினக்ஸ் பதிப்புக்கு 2020 மார்ச்சில் ஆதரவை நிறுத்தினார்கள். அதன் பிறகும் லினக்ஸ்காரர்கள் விண்டோஸ் பதிப்பையே புரோட்டானில் ஆடினார்கள். சொந்தப் பதிப்பு இருந்தும் திணறுகிறதா? ஸ்டீமில் அந்த கேமின் பிராபர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டிக்குப் போய் புரோட்டானைக் கட்டாயப்படுத்துங்கள்.

வேலராண்டை விர்ச்சுவல் மெஷினில் ஓட்டுவது

விர்ச்சுவல் மெஷின் என்பது லினக்ஸுக்குள் ஓடும் போலிக் கணினி. வேலராண்டின் ஆன்டி-சீட்டான வான்கார்ட் அதை விடாது. விண்டோஸ் 11-ஐத் தனியாக வைத்து டூயல் பூட் (ஒரே கணினியில் இரண்டு இயங்குதளம்) போடுங்கள். அதற்கும் செக்யூர் பூட் (கையெழுத்திட்ட மென்பொருளை மட்டும் ஏற்றும் பாதுகாப்பு), டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்) இரண்டும் வேண்டும், ஆகவே லினக்ஸ் நிறுவும்போது செக்யூர் பூட்டை அணைத்திருந்தால் திரும்பப் போடுங்கள். என்விடியா கார்டு என்றால், போட்ட பிறகு லினக்ஸில் டிரைவர் ஏறுகிறதா என்று மறுபடி வல்கன்இன்ஃபோ ஓட்டிப் பாருங்கள். கையெழுத்திடாத டிரைவர் மாட்யூலை ஏற்ற செக்யூர் பூட் விடாது.