படகு நேராக ஏற டிரெய்லரில் செய்ய வேண்டிய மாற்றங்கள்

நீரிலிருந்து டிரெய்லரில் ஏற்றும்போது படகு கோணலாக உட்கார்கிறதா? பெரும்பாலும் டிரெய்லர் தேவைக்கு மேல் ஆழமாக இறங்கியிருக்கும். படகின் அடிப்பக்கம் உட்காரும் நீளக் கட்டைகளான தாங்குகட்டைகள் முழுதாக மூழ்கினால் படகு அவற்றைத் தொடாமல் மிதக்கும். காற்று பின்பக்கத்தை ஒதுக்கிவிடும். கட்டைகளின் முன்நுனி நீருக்கு மேல் சற்றே தெரியும் ஆழத்தில் தொடங்கி, கரையின் சரிவுக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள்.

அடுத்தது, படகை நடுவில் வரவைக்கும் செங்குத்தான வழிகாட்டிக் கம்பங்கள். சட்டத்தின் பின்கோடியில் பக்கத்துக்கு ஒன்றாக, கால்வனைஸ் செய்த யூ போல்ட்டால் பொருத்துங்கள். சட்டத்தில் துளை போட்டால் அங்கிருந்துதான் துரு தொடங்கும். படகுக்கும் கம்பத்துக்கும் இருபுறமும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளி போதும். கம்பத்தின் மேல் பிவிசி குழாய் மாட்டினால் பெயின்ட் உரசாது. நீரில் நிற்கும் டிரெய்லர் எங்கே இருக்கிறது என்று ஓட்டுநருக்குக் காட்டுவதும் இந்தக் கம்பங்களே. இவற்றை மட்டும் செய்தாலே பாதித் தொல்லை தீரும்.

தாங்குகட்டையின் கம்பளம் நைந்திருந்தால் மாற்றுங்கள். ஸ்டெயின்லெஸ் பின்களை மட்டுமே அடியுங்கள். கட்டை, மோட்டார் மாட்டும் பின்பலகை வரை நீள வேண்டும். குறைந்தால் மோட்டாரின் எடையில் அடித்தட்டு வளையும். அலுமினியப் படகு என்றால் செம்பு மருந்தேற்றிய மரம் வேண்டாம், ஈரத்தில் உலோகத்தை அரிக்கும். கம்பளத்துக்குப் பதில் வழுக்கும் பிளாஸ்டிக் பட்டை போடலாம். திருகுத் தலைகள் பட்டைக்குள் நன்றாகப் புதைந்திருக்க வேண்டும். பட்டை போட்டபின், படகு நீரைத் தொடும்வரை வின்ச் (படகை இழுத்துக் கட்டும் சுழலி) கொக்கியைக் கழற்றவே கூடாது. கழற்றினால் சரிவிலேயே படகு வழுக்கித் தரையில் விழும்.

படகு முழுதாக ஏறி நிற்கும்போது அணியத்தின் (படகின் முன்மூக்கின்) வளையம் வின்ச் தூணிலுள்ள ரப்பர் ரோலருக்குச் சற்றுக் கீழே வர வேண்டும். வளையம் மேலே இருந்தால் வின்ச் பட்டை அணியத்தைக் கீழ்நோக்கி இழுத்து, கடைசிச் சில அங்குலங்களில் முரண்டு பிடிக்கும். வின்ச் தூணை முன்னோ பின்னோ நகர்த்தினால் எடையும் இடம் மாறும். வண்டியோடு டிரெய்லர் இணையும் கொக்கிமுனையில் இறங்கும் பாரம் மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் இருக்கிறதா என்று மறுபடி நிறுத்துப் பாருங்கள். குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டும்.

நீரில் இறக்குமுன் விளக்கு பிளக்கைக் கழற்றுங்கள். ஓடிவந்த சூட்டோடு இறக்கினால் சக்கர ஹப் (பேரிங் இருக்கும் நடுப்பகுதி) சட்டெனக் குளிர்ந்து தண்ணீரை உறிஞ்சும், பேரிங் துருப்பிடிக்கும். ஸ்பிரிங் வைத்த கிரீஸ் மூடி அதைத் தடுக்க உதவும். அதைப் போட்டாலும் ஹப் கைசூட்டுக்கு ஆறும்வரை பொறுங்கள்.